அண்ணாவியாருக்கு வகுப்பறையில் இடமில்லையா?

ஆண்டு விழா என்றதும் எமது பாடசாலைகளுக்கு அண்ணாவியார் நினைவுக்கு வருகிறார். மத்தளமும் சல்லாரியும் வாயிலுக்கு அழைக்கப்படுகின்றன. பிரதம விருந்தினர் மாலையுடன் நடந்துவரக் கலைஞர் அவர் முன்னே ஆடிச் செல்ல வேண்டும். பின்னர் மேடையிற் பத்து நிமிடம். "அழிந்துவரும் எமது பாரம்பரியம்" என ஒலிபெருக்கி அறிமுகஞ் செய்யும். மாணவரும் பெற்றோரும் கைதட்டுவர். ஒரு பொன்னாடையோடு கலைஞர் வீடு திரும்புவர். களுவாஞ்சிக்குடியிலும் அதனைச் சூழ்ந்த எருவிற்பற்றுக் கிராமங்களிலும் வளர்ந்த எவர்க்கும் இக்காட்சி புதிதன்று. இதனைக் கலைத்தொண்டு என்பாரோடு எமக்கு உடன்பாடில்லை.

கூத்து ஒருநாளும் பத்து நிமிடப் பொருளாக இருந்ததில்லை. சட்டங் கொடுத்தல் தொடங்கி, மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகி, சதங்கை அணிந்து, அரங்கேற்றம்வரை ஓர் ஊரே அதனுள் வாழ்ந்தது. வட்டக்களரியைச் சுற்றிப் பாய் விரித்துக் குடும்பங் குடும்பமாக அமர்ந்தனர். தாயின் மடியில் உறங்கிய பிள்ளை பதினேழாம் போரின் மத்தள முழக்கத்தில் விழித்துக்கொண்டது. கூத்தர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுகையில் அப்பிள்ளையும் முணுமுணுத்தது. வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாட்டை அது எந்த நூலிலும் படிக்கவில்லை, காதாற் கற்றது. பாரதக் கதையும் அவ்வாறே அதன் நெஞ்சிற் பதிந்தது. இன்றைய மேடை அப்பிள்ளைக்குத் தருவது ஒரு வேடிக்கை மட்டுமே.

சுருக்கம் காலத்தின் தேவை என்பர் சிலர். பேராசிரியர் சு. வித்தியானந்தனே சுருக்கவில்லையா என்றும் வினவுவர். உண்மை, 1962இல் கர்ணன் போரும் 1964இல் இராவணேசனும் பேராதனையிற் சுருங்கிய வடிவிலேயே மேடையேறின. ஆயின், அங்கே பல்கலைக்கழக மாணவர் அண்ணாவியாரிடம் மாணவராக நின்று ஆட்டமும் தாளமும் பயின்றனர் என்பதை இவர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர். அவர் குறைத்தது ஆடும் நேரத்தை. நாம் குறைப்பதோ ஆசிரியரை.

அழகியற் பாடங்களை நோக்குக. கர்நாடக சங்கீதத்துக்கு ஆசிரியர் உண்டு, பரதத்துக்கும் உண்டு. அவற்றோடு எமக்குப் பகையில்லை. கூத்தோ நாடகமும் அரங்கியலும் என்ற பாடத்தில் பரீட்சை வினாவாகச் சுருங்கிக் கிடக்கிறது. வடமோடிக் கிரீடத்தின் இயல்பை எழுதிப் புள்ளி பெறும் மாணவன் ஒரு தாளக்கட்டுக்கேனும் கால் வைத்தறியான். அதே தாளக்கட்டு அத்தனையும் நெஞ்சிற் சுமந்த முதியவர் பாடசாலை மதிலுக்கு அப்பால் வயலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அவரிடம் சான்றிதழ் இல்லையாம்!

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழை மீட்க ஆண்டுகள் பல உழைத்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அவர் சிலைக்கு மாலையிடும் நாம், வழக்கொழியாத மத்தளத்தை அழிந்துவரும் கலை என்று நாமே அறிவித்து முடித்துவிடுகிறோம்.

பறைமேளத்தைப் பற்றியும் கூறாதுவிடின் இக்கட்டுரை நேர்மையற்றதாகும். எமது கோயிற் சடங்குகளிலும் மரண வீட்டிலும் அது ஒலிக்கிறது. விழா மேடைக்கு மட்டும் அழைப்பு வருவது அரிது. காரணம் இசையன்று, சாதி என்பதை யாவரும் அறிவர். வாய்விட்டுச் சொல்வார் சிலரே. அக்கரைப்பற்றுப் பகுதிப் பறைமேளக் கலைஞரைப் பற்றி டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1983இல் ஆய்வுக்கட்டுரை எழுதினார். கடல் கடந்து வந்தவர் காதுகொடுத்துக் கேட்டதை ஊரார் வீதிக்கு அப்பால் நிறுத்துகின்றனர். அக்கலைஞரின் பிள்ளைகள் தந்தையின் தொழிலைத் தொடக் கூசினால் அவரைக் குறைகூற எமக்கு என்ன தகுதியுண்டு?

எமது கோரிக்கை பெரிதன்று. வாரத்தில் இரு பாடவேளை அண்ணாவியாருக்கும் பறைமேளக் கலைஞருக்கும் ஒதுக்கப்படட்டும். பொன்னாடைக்குப் பதில் மாதச் சம்பளம் வழங்கப்படட்டும். அவர் கற்பிக்கையில் அழகியற் பட்டதாரி ஆசிரியரும் மாணவரோடு கீழே அமர்ந்து பழகட்டும். ஆண்டு முடிவிற் பத்து நிமிடத் துண்டன்று, ஒரு முழுக் கூத்து பெற்றோர் முன்னிலையில் விடியும்வரை ஆடப்படட்டும். இதற்குப் புதிய மண்டபம் எதுவும் வேண்டியதில்லை. மாலையில் வெறுமையாகக் கிடக்கும் விளையாட்டுத் திடலே போதும்.