மூடி போட்டா முடிஞ்சு போச்சா?



எங்க அப்பா கொத்தனார். திருவேட்டக்குடியிலும் சுத்துப்பட்டு ஊர்களிலும் கக்கூஸ் குழிக்கு உறை இறக்குபவர். நாலு உறை, மேலே ஒரு மூடி, சந்துக்குச் சிமெண்ட் பூச்சு. அதுக்குப் பேரு செப்டிக் டேங்க்! அடியில் தளம் கிடையாது. "தண்ணி நிக்காம வாங்குனாத்தான்டா நல்ல குழி" என்பார். வகுப்பில் கழிவுநீர்ப் பாடம் நடத்தும் வரை நானும் அதையே நம்பினேன்.

வாங்கின தண்ணி எங்கே போகிறது? நம்முடையது கடலோர மணல் பூமி. மழைக்காலத்தில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். அப்படியானால் குழி நிற்பதே நிலத்தடி நீருக்குள்தான். மண் வடிகட்ட இடமே இல்லை. போன விடுமுறையில் டேப் பிடித்து அளந்தேன். எங்கள் வீட்டுக் குழிக்கும் கைப்பம்புக்கும் நடுவே ஆறே மீட்டர்! உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும் என்கிறது ஐ.எஸ். 2470.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவித்தது ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடம் லீவு என்று சந்தோஷப்பட்ட பையன்களில் நானும் ஒருவன். மலம் கலந்த தண்ணீரால் பரவும் நோய் அது என்று இப்போதுதான் உறைக்கிறது.

பாதாளச் சாக்கடை வரட்டும் என்று காத்திருக்கலாமா? வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் சமதரை ஊரில் நீளக் குழாய் பதித்து, பம்ப் வைத்து இறைக்க வேண்டும். கிராமத்துக்குத் தாங்காது. கழிவுநீரை அங்கங்கேயே சுத்தம் செய்வதுதான் வழி. தளம் போட்ட இரண்டு அறைத் தொட்டியில் கசடு அடியில் தங்கும். வெளிவரும் நீரை ஜல்லி நிரப்பி நாணல், கல்வாழை நட்ட படுகையில் விடலாம். ஆரோவில்லில் பல குடியிருப்புகளில் இப்படிச் செய்கிறார்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் மண்மேடு போட்டு அதற்குள் விடலாம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்துக் கசடை உறிஞ்ச வேண்டும். மனிதன் இறங்கக்கூடாது, 2013 சட்டம் தடுக்கிறது. அந்த லாரியும் வாய்க்காலில் கொட்டக்கூடாது. கருங்குழி பேரூராட்சியில் 2017இல் இதற்கென்றே சுத்திகரிப்பு நிலையம் அமைத்தார்கள். நம் பகுதிக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இத்தினி வருஷமா நான் கட்டுனதெல்லாம்?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. "உங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலியேப்பா" என்றேன். "தளம் போட்டா செலவு கூடுமே, கூலிக்காரன் என்ன செய்வான்?" என்று அடுத்த கேள்வி போட்டார். நியாயமான கேள்வி. கழிப்பறைக்கு மானியம் கொடுக்கும் அரசு, மூடிக்குக் கீழே இருப்பதற்கும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

தோழர்களே! பிளான் போடுவது நாம். குழி கட்டுவது என் அப்பா மாதிரி ஆட்கள். நாம் படித்தது அவர்கள் கைக்குப் போகாவிட்டால் இந்தப் படிப்பால் ஊருக்கு என்ன லாபம்? இந்த வருஷ என்.எஸ்.எஸ். முகாமில் மரம் நடுவதோடு நிற்காமல், டேப்பும் கையுமாக வீடு வீடாகப் போய்க் குழிக்கும் பம்புக்கும் உள்ள தூரத்தை அளப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்டாரக் கொத்தனார்களை நம் டிபார்ட்மெண்டுக்கு அழைத்து, செய்து காட்டுவோம். மாணவர் மன்றம் ஏற்பாடு செய்யுமா?

முதல் ஆளாக எங்க அப்பா வருவார்.

— இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன்