கடல் நம் பிள்ளைகளுக்கும் சொந்தம்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வகுப்பில் ஆசிரியர் கேட்பார்: "லீவுக்கு எங்கேடா போனீங்க?" ஒருவன் கொடைக்கானல் என்பான், இன்னொருவன் கன்னியாகுமரி என்பான். நம் காலனிப் பிள்ளை எழுந்து, "பாட்டி வீட்டுக்கு சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வான். பாட்டி வீடு அடுத்த தெருவில்தான் இருக்கும்.

"கூலி வேலைக்குப் போகிற நமக்குச் சுற்றுலா ஒரு கேடா?" என்று நம் பெரியவர்கள் கேட்கிறார்கள். காசில்லை என்பது பாதிக் காரணம்தான். போன இடத்தில் யாராவது "எந்த ஊர், எந்தத் தெரு?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம் மீதிப் பாதி.

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. அண்ணல் அம்பேத்கர் சிறுவனாக இருந்தபோது, 1901இல், கோடை விடுமுறைக்கு அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் தந்தை வேலை பார்த்த ஊருக்குப் புறப்பட்டார். புதுத்துணி உடுத்தி, ரயிலேறிய மகிழ்ச்சி ஸ்டேஷனோடு முடிந்தது. சாதி தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டைக் கூலிக்கு ஒருவர் ஒத்துக்கொண்டார். ஆனால் வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார். கூடையில் சோறு இருந்தும் தண்ணீர் கிடைக்காமல் இரவெல்லாம் பட்டினி கிடந்தார்கள்.

1934இல் அவர் பெரிய தலைவர். தோழர்களோடு தௌலதாபாத் கோட்டையைப் பார்க்கப் போனார். வழிப்புழுதி போக வாசல் குளத்தில் முகம் கழுவியதற்கே வசவு விழுந்தது. உள்ளே எங்கும் தண்ணீரைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள, ஆயுதம் ஏந்திய ஒருவரைக் கூடவே அனுப்பினார்கள். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் இரண்டையும் அவரே எழுதியிருக்கிறார். மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

அந்த அனுபவத்துக்கான பதில் அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவில் இருக்கிறது. கடை, உணவகம், விடுதி, கேளிக்கை இடம், பொதுக் கிணறு, குளம், நீராடும் துறை, மக்கள் கூடும் இடம் எதிலும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது. சுற்றுலாவுக்குத் தேவையான எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எழுதி வைத்த உரிமையைப் பயன்படுத்தினால்தான் அது உரிமை.

சென்ற பொங்கலுக்கு எங்கள் தெருவில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்தோம். ஆறு மாதம் முன்பே குழுவில் மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்கினோம். காணும் பொங்கல் கூட்டத்தைத் தவிர்த்து, அடுத்த சனி, ஞாயிறு கிளம்பினோம். மழை ஓய்ந்திருக்கும், வலசை வரும் பறவைகளும் இருக்கும் காலம் அது. முதல் நாள் காரங்காடு. தொண்டிப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவர் ஊர். அங்கே வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து சூழல் சுற்றுலா நடத்துகிறார்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். 'கயாக்' என்ற சின்னத் துடுப்புப் படகை நாமே ஓட்டலாம். சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்களைப் பாடப் படத்தில் பார்த்த பிள்ளைகள் நேரில் பார்த்தார்கள். கொக்கும் நாரையும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றன.

மறுநாள் தனுஷ்கோடி. அங்குள்ள பூநாரைகளுக்காகவே 2025 ஜூனில் அரசு ஒரு சரணாலயம் அறிவித்தது. அங்கே கடலில் இறங்கவில்லை, நீரோட்டம் பொல்லாதது. கரையில் நின்று, சத்தம் போடாமல் பறவை பார்த்ததோடு சரி.

ஆனால் என் மனதில் தைத்தது காரங்காட்டில் நடந்ததுதான். உயிர்காப்புச் சட்டை மாட்டிவிட்ட படகுக்காரத் தம்பி, "நீச்சல் தெரிஞ்சவங்க கையத் தூக்குங்க" என்றார். பதினேழு பேரில் இரண்டு கை எழுந்தது. இரண்டும் ஆண்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கயாக்கில் ஏறமாட்டேன் என்று அழுதாள். அவள் அம்மா, தானும் ஏறியறியாதவர், "வா கண்ணு, நானும் வாறேன்" என்று முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

நமக்கு ஏன் நீச்சல் தெரியவில்லை? நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்த் தோட்டத்துக் கிணறுகளில் நாங்கள் குதிக்க முடியாது. கண்மாயில் நல்ல படித்துறை அவர்களுக்கு, சேற்றுக்கரை எங்களுக்கு. தண்ணீரை விட்டு விலக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் தண்ணீருக்குப் பயந்தவர்களாக வளர்ந்தோம். பிறகு கண்மாயில் ஒரு பிள்ளை மூழ்கிப்போனால் விதி என்று அழுகிறோம். இது விதியல்ல, தீண்டாமையின் மிச்சம்.

ஆகவே அடுத்த பொங்கலுக்கு இப்போதே திட்டமிடுங்கள். படகுக் கட்டணம், நேரம் எல்லாவற்றையும் முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். காற்று எழும்பும் முன் காலையிலேயே படகேறுங்கள். உயிர்காப்புச் சட்டை இல்லாமல் யாரையும் ஏறவிடாதீர்கள். எங்காவது சாதி கேட்டுத் தடுத்தால், சண்டைக்குப் போகாமல் தேதி, நேரம், சாட்சி குறித்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. அதற்கு முன், நீந்தத் தெரிந்த ஓர் அண்ணனைப் பிடித்து, பெண் பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் நீச்சல் பழக்குங்கள்.

அழுத அந்தப் பிள்ளை கரைக்கு வந்ததும் இறங்க மறுத்தாள். இன்னொரு சுற்று போக வேண்டுமாம். இந்த ஜூனில் ஆசிரியர் கேட்டால் அவளிடம் சொல்வதற்குப் பதில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையிடமும் இருக்கட்டும்.