ரோபோவுக்கு மரம் போதாதா?



லீவுக்குக் கொமரலிங்கம் வரும்போது பலர் பிள்ளைகளுக்கு ரோபோ கிட் வாங்கி வருகிறீர்கள். நல்ல ஆசைதான். ஆனால் தட்டு, துளை, திருகு எல்லாம் தயாராக வந்துவிட்டால், பிள்ளைக்குத் திருகு முடுக்குவதுதான் மிச்சம். மோட்டாரும் பேட்டரியும் வாங்கிக் கொடுங்கள். அடிச்சட்டத்தைப் பிள்ளையே மரத்தில் செய்யட்டும் என்பது என் கருத்து.

மரம் என்றால் பாரம் என்று நினைக்க வேண்டாம். 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள தட்டு அலுமினியத்தில் சுமார் 243 கிராம், அக்ரிலிக்கில் 107 கிராம். பிளைவுட்டில் ஏறக்குறைய 55 கிராம்தான்.

பலமும் உண்டு. பிளைவுட்டில் ஓர் அடுக்கின் ரேகை நீளவாக்கில் ஓடினால் அடுத்தது குறுக்கே ஓடும். அதனால் எளிதில் பிளக்காது. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். அதற்காகக் கனத்த பலகை தேவையில்லை. இரண்டு மெல்லிய பிளைவுட்டுக்கு நடுவே சிறு மரச்சட்டங்கள் வைத்து ஒட்டினால் போதும். 1940-ல் முதன்முதலாகப் பறந்த இங்கிலாந்தின் மொஸ்கிட்டோ விமானத்தின் உடலே பிர்ச் பிளைவுட், நடுவே பால்சா மரம்தான். 2024-ல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் லிக்னோசாட் என்ற மரச் செயற்கைக்கோளையே அனுப்பியது. திருகு, பசை இல்லாத மரப்பொருத்து! நம் ஆசாரிமாருக்கு இது புதிதா? ரேக்ளா வண்டியைப் பாருங்கள். 200 மீட்டர், 300 மீட்டர் பறக்கும். பாரமும் குறைவு, பொருத்தும் விடாது.

செய்யும்போது மூன்று கவனம் வேண்டும். திருகு போடுமுன் துளையிட்டு, போல்ட்டுக்கு வாஷர் போட வேண்டும். பேட்டரி தாழ்வாக, நடுவில் இருக்க வேண்டும். ஈரம் ஏறாமல் வார்னிஷ் அடிக்க வேண்டும். ரம்பம் பிடிக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருங்கள்.

2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை வழங்கப்பட்டது. எல்லாப் பள்ளிக்கும் அது வருவதில்லை. வந்தாலும், உடைந்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைத்த பொருளால் யாருக்கும் படிப்பு வராது. மரம் உடைந்தால் மறுநாள் இன்னொன்று அறுக்கலாம். ஏன் உடைந்தது என்று பிள்ளை யோசிக்கும். அதுதான் பாடம்.

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் கண்ணுகளா, பேக்கிங் பெட்டி உடைத்த நல்ல பிளைவுட் துண்டுகள் கிடந்தால் அடுப்புக்குப் போடாதீர்கள். ஆணியைப் பிடுங்கி, உங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு மூட்டை கொடுத்துவிடுங்கள்.