பாதி இட்லியில் வயிறு நிறைந்தால்...



எடைக் குறைப்பு ஆபரேஷனைப் பற்றி இந்தப் பகுதியில் இரண்டு வரி எழுதினாலும் எழுதினேன், வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்து அசந்து போய்விட்டேன். 'பண்ணிக்கொள்ளலாமா, வேண்டாமா?' என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். பண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்து, 'ஐயோ, இதென்ன இப்படி இருக்கிறது!' என்று திகைத்து உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம். பண்ணலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதில் நான் தலையிடப் போவதில்லை. பண்ணிக்கொண்டவர்களோடு இன்றைக்குப் பேசுகிறேன். எனக்கும் 2019-ல் இந்த ஆபரேஷன் ஆயிற்று. அதனால் அடுப்படிப் பக்கத்துச் சங்கதிகளைக் கொஞ்சம் உரிமையோடு சொல்லலாம் இல்லையா?

முதலில் ஒரு கடிதம். எழுதியவருக்கு 29 வயது. இரண்டு சின்னக் குழந்தைகள். ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம். மாமியாரிடம் 'குடலிறக்கத்துக்கு ஆபரேஷன்' என்று சொல்லியிருக்கிறார்களாம், புருஷனும் பெண்டாட்டியுமாக. பாவம், அந்த அம்மாளுக்கு என்ன தெரியும்? "சாப்பிட்டாத்தானேம்மா தெம்பு வரும்" என்று சாதத்தைக் குழைத்துத் தட்டு நிறையப் போடுகிறார். இவரும் மறுக்க முடியாமல் சாப்பிடுகிறார். சாப்பிட்ட கையோடு கொல்லைப்பக்கம் போய் வாந்தி. மூன்று வாரமாகத் தினமும் இதே கதை. இப்போது கால் விரல்கள் மரத்துப் போகிறதாம். 'ஆபரேஷன் ஆனால் வாந்தி சகஜந்தானே அக்கா?' என்று முடித்திருந்தார்.

இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயமா இது? உடனே போனில் கூப்பிட்டு, "இன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போம்மா, நாளை என்று தள்ளாதே" என்று சொல்லிவிட்டேன். போயிருக்கிறார். ஊசி போட்டு, இரண்டு நாள் படுக்க வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இப்போது தேவலையாம். வயிறு குளிர்ந்தது எனக்கு!

சகோதரிகளே, அவசரமாகச் சாப்பிட்டு என்றைக்காவது ஒரு நாள் வாந்தி வருவது வேறு. தினமும் வாந்தி என்பது சகஜமே இல்லை. பி1 என்கிற வைட்டமினை நம் உடம்பு கொஞ்சமாகத்தான் சேமித்து வைத்துக்கொள்ளும். சாப்பிட்டது எதுவும் தங்காமல் போனால் இரண்டு மூன்று வாரத்தில் அந்த இருப்பு காலியாகிவிடும். அப்புறம் கால் மரத்துப் போவது, நடை தள்ளாடுவது, பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, பேச்சில் குழப்பம் என்று நரம்பையும் மூளையையும் தாக்கும். ஆரம்பத்திலேயே ஊசி போட்டால் சரியாகிவிடும். விட்டுவிட்டால் சேதம் நிரந்தரமாகவே தங்கிவிடலாம். அவசரத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், 'எனக்கு இந்த ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இத்தனை நாளாக வாந்தி' என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். குளுகோஸ் ஏற்றுவதற்கு முன்னால் பி1 கொடுக்க வேண்டியிருக்கும். வெறும் குளுகோஸை ஏற்றினால் மீதமிருக்கும் பி1-ம் செலவாகிவிடும்.

இதைப் போலவே முதல் சில வாரங்களில் ஜுரம், நெஞ்சு படபடவென்று வேகமாக அடித்துக்கொள்வது, நாளுக்கு நாள் கூடுகிற வயிற்று வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இதில் எது வந்தாலும் கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். ராத்திரியானாலும் கிளம்ப வேண்டியதுதான்.

சரி, அந்த மாமியார் விஷயத்துக்கு வருவோம். மறைக்கத்தான் வேண்டுமா? ஊருக்கெல்லாம் தண்டோரா போட வேண்டாம். ஆனால் நமக்குச் சோறு போடுகிற கைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. எப்படிச் சொல்வதென்றால், இப்படிச் சொல்லலாம்: "அத்தை, என் வயித்துல முக்கால் பங்குக்கு மேல எடுத்துட்டாங்க. மிச்சம் இருக்கறது ஒரு வாழைப்பழம் அளவுதான். அதுல எவ்வளவு பிடிக்கும்னு நீங்களே பாருங்க." உண்மையும் அதுதான். 'ஸ்லீவ்' என்கிற ஆபரேஷனில் இரைப்பையில் எழுபத்தைந்து எண்பது சதவீதத்தை எடுத்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் 100 முதல் 150 மில்லிதான் கொள்ளும். ஒரு காபி டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்த எடுத்த பகுதியில்தான். அதனால்தான் பசியே தெரியாமல் போகிறது. 'பைபாஸ்' ஆனவர்களுக்கு இன்னும் சின்னது. இரண்டு மேசைக்கரண்டி அளவுக்கு ஒரு பை செய்து, அதை நேராகச் சிறுகுடலில் இணைத்துவிடுவார்கள். இந்தப் பைபாஸ் முறை ஒன்றும் நேற்று முளைத்ததில்லை. 1966-லேயே அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் எட்வர்ட் மேசன் தொடங்கி வைத்தது. 'என்னமோ புதுசாப் பண்றாங்களாம்' என்று பயமுறுத்துகிறவர்களுக்கு இந்த வருஷத்தைச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். முதலில் தெளிந்த நீர் ஆகாரம், பிறகு பால், மோர், புரதப் பொடி கரைத்தது, பிறகு மசித்தது, பிறகு மெத்தென்று வெந்தது என்று ஆறு முதல் எட்டு வாரத்தில் படிப்படியாக வீட்டுச் சாப்பாட்டுக்கு வர வேண்டும். எந்த வாரம் எது என்று உங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். அதைச் சமையலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டு மாமிக்குக் கொடுத்த தாள் உங்களுக்குச் சரிப்படாது.

நம் வீடுகளில் பெரிய வில்லங்கம் சாதம்தான். குழைந்த சாதம் லேசானது என்று நினைக்கிறோம். ஆனால் அது உள்ளே போய்க் களி மாதிரி அப்பிக்கொள்கிறது. புது ரொட்டி, சப்பாத்தியும் அப்படித்தான். நெஞ்சில் கல் வைத்தது போல் அடைத்துக்கொண்டு, வாயில் எச்சில் ஊறி, வந்ததெல்லாம் வெளியே வந்தால்தான் நிம்மதி. அதனால் தட்டில் கை வைக்கும்போது முதல் வாய் புரதமாக இருக்கட்டும். நாளைக்கு 60 கிராமாவது வேண்டும் என்கிறார்கள். கேட்கச் சுலபம், காபி டம்ளர் வயிற்றுக்குள் அதைக் கொண்டுபோவது லேசா? ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் பனீரில் 18 கிராம் போல. மீனென்றால் 100 கிராமில் சுமார் 20. வெந்த பருப்பு சின்னக் கிண்ணத்தில் 7 கிராம். 200 மில்லி பாலில் 6 அல்லது 7. நம் இட்லியில் இரண்டுதான்! இட்லியைக் குறை சொல்லவில்லை. பாதி இட்லியில் வயிறு நிறைகிற காலத்தில் அந்தப் பாதிக்கு முன்னால் கெட்டிப் பருப்பையோ முட்டையையோ உள்ளே அனுப்பிவிட வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். முதல் மாதங்களில் சாப்பாட்டால் மட்டும் 60-ஐ எட்ட முடியாது. டாக்டர் எழுதிக் கொடுத்த புரதப் பொடியை 'பொடியெல்லாம் கிட்னிக்கு ஆகாதாம்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்த வேண்டாம். சந்தேகமிருந்தால் அந்த டாக்டரையே கேளுங்கள்.

சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரைமணி கழித்துத்தான். மற்ற நேரமெல்லாம் மிடறு மிடறாகக் குடித்து ஒன்றரை, இரண்டு லிட்டர் உள்ளே போயாக வேண்டும். அண்ணாந்து மடக் மடக்கென்று குடிக்கும் பழக்கம் இனி உதவாது. ஒரு பாட்டிலைக் கூடவே வைத்துக்கொண்டு, துணி மடிக்கும்போது ஒரு வாய், குழந்தைக்குப் பாடம் சொல்லும்போது ஒரு வாய் என்று குடித்துப் பாருங்கள், சாயங்காலத்துக்குள் காலியாகிவிடும்.

மாத்திரைகளைப் பற்றித்தான் எனக்குக் கோபம் வருகிறது. எட்டு மாதம் ஆனதும், 'நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?' என்று நிறுத்திவிட்டதாக நாலைந்து பேர் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். இது ஆயுசு பூராவும், சகோதரி! பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் சாப்பாட்டிலிருந்து முன்போல உடம்பில் சேராது. அதிலும் மாமிசம், முட்டை தொடாத வீட்டுப் பெண்களுக்கு பி12 ஏற்கெனவே அரைகுறைதான். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக முழுங்காதீர்கள். அவை சண்டைக்கார ஓர்ப்படிகள் மாதிரி, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைக் காபியோடு போட்டால் காபிதான் ஜெயிக்கும். ரத்தப் பரிசோதனை முதல் வருஷத்தில் டாக்டர் சொல்லும்போதெல்லாம், பிறகு வருஷத்துக்கு ஒருதரம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எடை இறங்க இறங்க அளவைக் குறைக்க வேண்டி வரும். அதை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், பழைய அளவிலேயே விழுங்கிக்கொண்டிருக்கவும் வேண்டாம். தலைவலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறவர்களே, முக்கியமாக பைபாஸ் ஆனவர்களே, அந்தப் பழக்கத்துக்கு முழுக்குப் போடுங்கள். இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் அந்தச் சின்னப் பையில் புண்ணை உண்டாக்கிவிடும்.

முடி! அழுதுகொண்டே எழுதியவர்கள் இதற்குத்தான் அதிகம். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை சீப்பு வைத்தால் கொத்துக் கொத்தாக வரும். பிரசவமான மூன்றாம் மாதம் கொட்டுமே, அதே சங்கதிதான். உடம்புக்கு ஒரு பெரிய அதிர்ச்சி என்றால் முடி ஓய்வெடுக்கப் போய்விடுகிறது. வேர் சாகவில்லை; பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப முளைக்கிறது. புரதமும் இரும்பும் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். நூற்றுக்கணக்கில் கொடுத்து எண்ணெய் வாங்குகிற பணத்துக்கு முட்டை வாங்குங்கள்.

இளம் தாய்மார்கள் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, தையல் ஆறும்வரை, நாலு முதல் ஆறு வாரத்துக்கு, தண்ணீர்க் குடமோ சிலிண்டரோ குழந்தையோ தூக்கக்கூடாது. குழந்தை அழுதால் நீங்கள் கீழே உட்கார்ந்துவிடுங்கள், அது தானே மடியில் ஏறிக்கொள்ளும். இன்னொன்று, எடை இறங்க ஆரம்பித்ததும் பல வருஷமாகத் தாறுமாறாக இருந்த மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் கர்ப்பம் தரித்துவிடும். குழந்தைக்காக ஏங்கியவர்களுக்கு இது சந்தோஷச் செய்தி. ஆனாலும் ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை பொறுக்கச் சொல்கிறார்கள். வேகமாக எடை குறைகிற உடம்பில் சிசுவுக்குப் போஷாக்குப் போதாது. பைபாஸ் ஆனவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் சேராமல் போகலாம், வேறு முறையை லேடி டாக்டரிடம் கேளுங்கள். பிறகு கர்ப்பமானாலும், குளுகோஸ் குடிக்க வைத்து சர்க்கரைப் பரிசோதனை செய்வதற்கு முன் ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லுங்கள். அந்த இனிப்புத் தண்ணீரே மயக்கம், படபடப்பு, வியர்வை, பேதி என்று படுத்திவிடலாம். வேறு விதமாகவும் பரிசோதிக்க முடியும்.

ஊர் வாய் இருக்கிறதே! பருமனாக இருந்தபோது 'குண்டு' என்றவர்கள்தான் இப்போது, "என்னடி, சுகர் வந்துடுச்சா? முகமே செத்துப் போச்சே!" என்று துக்கம் விசாரிப்பார்கள். முகம் ஒட்டி, கழுத்து தொங்கி, வயிற்றுத் தோல் மடிந்து தொங்குகிற காலம் ஒன்று உண்டு. கண்ணாடி பார்க்கவே வெறுப்பாக இருக்கும். தோல் முழுதும் பழையபடி இறுகாது, இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மடிப்பில் வியர்வை தங்கிப் புண்ணாகாமல் துடைத்து உலர வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டை உடனே புதிதாகத் தைக்காமல் பிடித்துப் பிடித்துப் போடுங்கள், ஒரு வருஷத்துக்கு அளவு மாறிக்கொண்டேயிருக்கும்.

இன்னொரு துக்கம் யாருக்கும் தெரியாதது. மனசு சரியில்லையென்றால் ஒரு தட்டு பஜ்ஜி போட்டுச் சாப்பிட்டு ஆறுதல் அடைந்தவர்கள்தானே நாம்? அந்த ஆறுதல் ஒரே நாளில் பறிபோய்விடுகிறது. எல்லோருக்கும் தோசை வார்த்துப் போட்டுவிட்டு நாம் மோரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கண்ணில் தண்ணீர் வரத்தான் செய்யும். 'தெரியாமல் பண்ணிக்கொண்டோமோ' என்று முதல் மாதத்தில் நினைக்காதவர்கள் குறைவு. அது நாள்பட மங்கும். மங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல், 'இருந்தென்ன' என்கிற நினைப்பு வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். வயிற்று வலியைச் சொல்வதில்லையா?

மூன்றாம் வாரத்திலோ நாலாம் வாரத்திலோ முள் நகராமல் நின்றுவிடும். பயப்படாதீர்கள், தினம் தினம் ஏறி நிற்காமல் வாரத்துக்கு ஒருதரம் பாருங்கள். பெரும்பாலும் ஒரு வருஷத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் எவ்வளவு இறங்குமோ இறங்கி நின்றுவிடும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று கிலோ ஏறுவது பலருக்கும் நடக்கிறது. மேலும் மேலும் ஏறுகிறதென்றால் பெரும்பாலும் காரணம் பெரிய சாப்பாடாக இருக்காது. காபியில் தோய்த்த பிஸ்கட், ஐஸ்கிரீம், மிக்சர், முறுக்கு! மென்றவுடன் கரைந்து வழுக்கிக்கொண்டு போகிற பண்டத்துக்கு அந்தச் சின்ன வயிறு தடை சொல்வதில்லை. ஏறிவிட்டதே என்று வெட்கப்பட்டு டாக்டரைப் பார்க்காமல் இருக்கிறார் மதுரைப் பக்கத்துச் சகோதரி ஒருவர், மூன்று வருஷமாக! அம்மா, அவர் உங்களைத் திட்ட உட்கார்ந்திருக்கவில்லை. பி12 ஊசியும் மூன்று வருஷமாகப் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்காகவாவது இந்த வாரமே போங்கள்.

கடைசியாக, தங்கைக்கு வரும் மாதம் கல்யாணம், பந்தியில் எப்படி உட்காருவது என்று கேட்ட பெண்ணுக்கு. முதல் பந்தியில் உட்காராதே. அங்கே அவசரம் அதிகம், பரிமாறுகிறவர்கள் கேட்காமலே போட்டுக்கொண்டு போவார்கள். கடைசிப் பந்தியில், உன் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார். கூட்டு, கெட்டிப் பருப்பு, கொஞ்சம் தயிர், அதுபோதும். பாயசம் நாக்குக்கு ஒரு கரண்டி முனை. மீதி அவர் இலைக்குப் போகட்டும். புறப்படுமுன் வீட்டிலேயே உன் புரதப் பாலைக் குடித்துவிட்டுக் கிளம்பு, கைப்பையில் தண்ணீரும் மத்தியான மாத்திரையும் இருக்கட்டும்.