கோட்டுக்கு எடை உண்டு

முதல் வருஷ இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வகுப்பு நமக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: டிராயிங் என்றால் ஒரு ஷீட், ஒரு மினி டிராஃப்டர், நன்றாகச் சீவிய பென்சில். ஷீட்டை விட்டு இறங்கியும் வரையலாம் என்று சொன்னால் நம்புவீங்களா?

1967-ல் ரிச்சர்ட் லாங் என்ற லண்டன் கலைக் கல்லூரி மாணவர் ஒரு புல்வெளியில் முன்னும் பின்னுமாக நடந்தார். புல் மடங்கி, ஒரு நேர்க்கோடு கண்ணுக்குத் தெரிகிற வரை நடந்தார். அதைக் கருப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுத்தார். அவ்வளவுதான் படைப்பு! பென்சில் எது? அவர் கால். மறு வருஷம் வால்டர் டி மரியா அமெரிக்காவின் மொஹாவே பாலைவனத்தில் சாக்கால் இரண்டு இணைகோடுகள் போட்டார். இடைவெளி 12 அடி, நீளம் ஒரு மைல்.

"இதெல்லாம் ஓவியமா?" என்று சிரிக்கிறவங்க நம்ம செட்டிலேயே நிறைய பேர். நான் அந்தக் கட்சி இல்லை. ஒரு அசைவு ஒரு பரப்பின் மேல் விட்டுப்போகிற தடம்தான் டிராயிங். அந்தப் பரப்பு ஷீட்டாகத்தான் இருக்கணும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

ஆனால், அடுத்த கேள்விதான் நமக்கு முக்கியம். ஜியோமெட்ரியில் கோட்டுக்கு அகலமும் இல்லை, எடையும் இல்லை. மண்ணில் இரண்டும் உண்டு. 1970-ல் ராபர்ட் ஸ்மித்சன் யூட்டாவின் உப்பு ஏரிக்குள் 1,500 அடி நீளத்துக்கு ஒரு சுருள் கோடு போட்டார். அதற்கு 6,000 டன்னுக்கு மேல் கல்லும் மண்ணும் கொட்ட வேண்டியிருந்தது. அதே சமயத்தில் மைக்கேல் ஹெய்சர் நெவாடாவில் இரண்டு நேரான பள்ளங்கள் வெட்ட, சுமார் 2,40,000 டன் பாறையைப் பெயர்த்தார். மிதித்த புல் நிமிர்ந்துவிடும். வெட்டிய பாறை திரும்பச் சேராது. கலை என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? என் ஓட்டு லாங்குக்குத்தான்.

இதில் நமக்கென்ன என்கிறீங்களா? ஒரு சின்னக் கணக்கு. 1:1000 ஸ்கேலில் நீங்க 0.5 மி.மீ. லெட் பென்சிலால் போடுகிற கோட்டின் தடிப்பு மட்டுமே நிலத்தில் அரை மீட்டர். நாளைக்கு அந்தக் கோடு ரோடாகவோ கால்வாயாகவோ யாரோ ஒருத்தர் வயலில் போய் இறங்கும். ஆட்டோகேடில் அன்டூ இருக்கு. வயலில் இல்லை.

அதனால் ஒரு யோசனை. கிராஃபிக்ஸ் பாடத்தில் ஒரே ஒரு வகுப்பையாவது மைதானத்தில் நடத்தலாம். முளை அடித்து, கயிறு கட்டி, ஷீட்டில் போட்ட ஒரு கோட்டை முழு அளவில் போட்டு, அதன் மேல் நடந்து பார்க்கலாம். பென்சிலை எடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கினால் நல்லதுதானே? நீங்க என்ன நினைக்கிறீங்க, எழுதுங்க.