ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் சிறுநீரகம் நலமா?

சிரம்பான் - "ஸ்கேன் எடுத்தாச்சு, ஒன்னும் இல்லைன்னு சொல்லிட்டாங்க." நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இனிப்பு நீர் உள்ளவர்களின் வீடுகளில் இந்தப் பேச்சு சகஜம். அந்த நிம்மதியோடு அடுத்த கிளினிக் தவணைக்குப் போகாமல் விடுபவர்களும் உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ எல்லாமே நம்மவர்களுக்கு 'ஸ்கேன்'தான். வயிற்றில் பசை தடவி எடுப்பது அல்ட்ராசவுண்ட். காதுக்கு எட்டாத ஒலி அலைகள் உறுப்புகளில் மோதித் திரும்புவதை இயந்திரம் படமாக்குகிறது. எக்ஸ்ரே, சிடி போல் இதில் கதிர்வீச்சு இல்லை. கர்ப்பிணிகளுக்கு இதைப் பயன்படுத்துவதும் அதனால்தான். ஆனால் காற்றையும் எலும்பையும் தாண்டி ஒலி சரியாகப் போகாது. குடல் புண்ணுக்கு இந்த ஸ்கேனைக் கேட்டு வாங்குவதில் பெரிய பயன் இல்லை.

சிறுநீரகத்தில் இது காட்டுவது உருவத்தை மட்டுமே: அளவு, கல், அடைப்பு, நீர்க்கட்டி. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைச் சொல்லாது. இனிப்பு நீரால் சிறுநீரகம் கெடும்போது பெரும்பாலும் முதலில் சிறுநீரில் புரதம் கசியும். பிறகு இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும். வலி இருக்காது. படத்தில் சிறுநீரகம் அப்போதும் நன்றாகவே தெரியலாம். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: "கிரியேட்டினின் எவ்வளவு? சிறுநீரில் புரதம் இருக்கிறதா?"

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அது அதிகம்.

நிலைமை இப்படியிருக்க, பட்டணத்துத் தனியார் நிலையங்கள் சில 'முழு உடல் பரிசோதனை' விளம்பரத்தில் ஸ்கேனைத்தான் முன்னால் நிறுத்துகின்றன. படம் கையில் கிடைப்பதால் மக்களுக்கும் அதில்தான் நம்பிக்கை. பணம் கட்டும் முன் பெக்கா பி40 திட்டத்தை விசாரிப்பது நல்லது. எஸ்டிஆர் உதவித்தொகை பெறும் 40 வயதைத் தொட்டவர்களுக்கும் அதே வயதுள்ள அவர்களின் துணைவருக்கும் இரத்தம், சிறுநீர் சோதனைகள் அதில் இலவசம்.

டாக்டரே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தால் தவிர்க்கக் கூடாது. கல், அடைப்பு இருந்தால் காட்டிக்கொடுப்பது அதுதான். தவணை அட்டையில் 'புவாசா' என்று இருந்தால் சொன்ன நேரம் வரை சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், கல் இருந்தாலும் தெரியாமல் போகலாம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை ஸ்கேனுக்கு நேர்மாறு: தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு வரச் சொல்வார்கள். இது தெரியாமல் பகாவிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி சிரம்பான் வந்து, வேறு தேதி வாங்கித் திரும்பினால் ஒரு நாள் சம்பளம் போனதுதான். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் வர வேண்டிய நாளில் எவ்வளவு போடுவது என்று தவணை வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு பட்டினியாக வந்தால் வரிசையிலேயே மயங்கி விழ நேரிடும்.