ஆசைக்கு வாசிப்பவர்கள்

1906 ஜூன் மாதம், பதிப்புரிமைச் சட்டம் பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் குழு நடத்திய விசாரணையில் ஜான் ஃபிலிப் சூசா சாட்சி சொன்னார். அணிவகுப்பு இசையால் அந்த நாடு முழுவதும் பெயர் பெற்ற பேண்ட் மாஸ்டர் அவர். தாம் சிறுவனாக இருந்தபோது கோடை மாலைகளில் வீட்டு வாசல்தோறும் இளைஞர்கள் கூடிப் பாடினார்கள் என்றும், இப்போது இரவும் பகலும் இயந்திரம்தான் பாடுகிறது என்றும் வருந்தினார். இப்படியே போனால், பரிணாமத்தில் வாலை இழந்த மனிதன் குரல்நாணையும் இழந்துவிடுவான் என்பது அவர் வாதம்.

சூசாவுக்கு இதில் சொந்த நலனும் இருந்தது. இசைத்தட்டும் பியானோ ரோலும் எத்தனை விற்றாலும் பாட்டை எழுதியவருக்கு ஒரு காசு வராத காலம் அது. 1909-ஆம் ஆண்டுச் சட்டம்தான் பிரதிக்கு 2 சென்ட் என்று வகுத்தது. ஆனால் அவருடைய அச்சத்தை வெறும் சுயநலம் என்று தள்ளிவிட முடியாது. தொழிலாக அல்லாமல் ஆசைக்காக வாசிக்கும் சாதாரண மனிதர் இல்லாமல் போனால் ஒரு நாட்டின் இசைக்கு என்ன மிஞ்சும் என்று அவர் கேட்டார். நூற்றாண்டு கடந்தும் அந்தக் கேள்வி நம்மிடம்தான் இருக்கிறது.

1877-இல் எடிசன் உருவாக்கிய ஃபோனோகிராஃப் பாடுவதோடு நிற்கவில்லை. எதிரே இருப்பவரின் குரலைப் பதியவும் செய்தது. பின்னால் வந்த மெழுகு உருளைக் கருவியில் குடும்பங்கள் தங்கள் பாட்டையும் பேச்சையும் வீட்டிலேயே பதிந்தன. சந்தையில் அதை வென்றது தட்டையான இசைத்தட்டு. அச்செடுக்க எளிது, அடுக்கி வைக்க எளிது. ஆனால் வீட்டில் யாரும் அதில் பதிய முடியாது. காதும் வாயும் இருந்த கருவி வாய் மட்டுமே உள்ள கருவியாகிவிட்டது. சூசா பயந்தது இந்த மாற்றத்தைத்தான் என்று சொன்னால் தவறாகாது.

அவர் பயந்ததில் ஒரு பாதி நடந்தது. 1909-இல் அமெரிக்காவில் 3,60,000-க்கும் மேற்பட்ட பியானோக்கள் செய்யப்பட்டன. அதுவே உச்சம். இசைத்தட்டு, வானொலி, 1930-களின் பொருளாதார மந்தம் எல்லாம் சேர்ந்து வீட்டுக் கூடத்துப் பியானோவை மௌனமாக்கின. மறு பாதியை அவர் எதிர்பார்க்கவில்லை. 1917-இல் ஒரு குழு முதல் ஜாஸ் இசைத்தட்டை வெளியிட்டது. அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் ஊரில் பிக்ஸ் பைடர்பெக் என்ற சிறுவன் அந்தக் குழுவின் தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு, கூடவே வாசித்து, கார்னெட் கற்றுக்கொண்டான். ஜாஸின் மறக்க முடியாத கலைஞர்களில் ஒருவராக வளர்ந்தான். குரலை அழிக்கும் என்று சூசா சொன்ன இயந்திரம், ஆசான் இல்லாத ஊரில் ஆசானாக நின்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டேப் ரெக்கார்டர் வீடுகளுக்குள் வந்தபோது கருவிக்குக் காது திரும்பக் கிடைத்தது. அதன் பலனை லிவர்பூலில் பார்க்கலாம். 1956-இல் பாடகர் லோனி டோனிகனின் பாட்டு ஒன்று பிரிட்டன் இளைஞர்களை ஆட்டிப்படைத்தது. ‘ஸ்கிஃபிள்’ என்ற அந்த இசைக்கு மலிவான கிட்டார், துணி துவைக்கும் பலகை, தேயிலைப் பெட்டியில் கம்பும் கயிறும் கட்டிய பாஸ் ஆகியவை போதும். நாடெங்கும் ஆயிரக்கணக்கான குழுக்கள் முளைத்தன. ஜான் லென்னனின் குவாரிமென் அவற்றில் ஒன்று. 1957 ஜூலை 6 அன்று வூல்டன் தேவாலயத் திருவிழாவில் அது வாசித்தபோதுதான் பால் மெக்கார்ட்னி லென்னனைச் சந்தித்தார். அன்று மாலைக் கச்சேரியைக் கூட்டத்தில் இருந்த ஓர் இளைஞர் தன் கிரண்டிக் டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்தார். எந்த நிறுவனமும் திரும்பிப் பாராத பையன்களின் பாட்டை, அவர்களைப் போன்ற ஓர் ஆர்வலரின் கருவி காப்பாற்றியது.

மெக்கார்ட்னி பலமுறை சொன்ன செய்தி ஒன்று உண்டு. அவருக்கும் நண்பர்களுக்கும் கிட்டாரில் பி-7 கார்ட் பிடிக்கத் தெரியவில்லை. ஊரின் மறுகோடியில் ஒருவருக்குத் தெரியும் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய் அவரிடம் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1958-இல் கையிலிருந்த காசைச் சேர்த்து, மின்சாதனக் கடைக்காரரான பெர்சி ஃபிலிப்ஸ் தன் வீட்டு அறையில் நடத்திய ஸ்டூடியோவில் இரண்டு பாட்டுகளைப் பதிந்தார்கள். கிடைத்தது ஒரே ஒரு தட்டு. அது குழுவின் ஐந்து பேரிடமும் மாறி மாறிப் போய், கடைசியில் பியானோ வாசித்தவரிடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் தங்கிவிட்டது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற குழுவின் வேரில் இருப்பவை இவைதான்: கேட்டறிந்த ஒரு கார்ட், பங்குபோட்ட ஒரு தட்டு, ஓயாத பேச்சு.

1979-இல் டியாக் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோ என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் நான்கு டிராக் தனித்தனியாகப் பதியலாம். ஒருவரே கிட்டார் வாசித்து, அதன் மேல் பாடி, இன்னொரு வாத்தியமும் சேர்க்கலாம். 1982 ஜனவரியில் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சி வீட்டில் இந்தக் கருவியில் மாதிரிக்காகச் சில பாட்டுகளைப் பதிந்தார். பிறகு தன் குழுவோடு ஸ்டூடியோவில் முயன்றும் வீட்டுப் பதிவின் உயிர் வரவில்லை. அந்தக் கேசட்டே ‘நெப்ராஸ்கா’ ஆல்பமாக வெளிவந்தது. ஆசைக்கு வாசிப்பவர் வாங்கக்கூடிய கருவியும் பெருங்கலைஞரின் கருவியும் ஒன்றாகிவிட்ட தருணம் அது.

நம் ஊரின் கதையும் இதிலிருந்து விலகியதல்ல. 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம்தான். விரிந்த ஆலாபனைக்கோ, நிரவலுக்கோ, தனி ஆவர்த்தனத்துக்கோ அதில் இடமில்லை. மதுரை மணி ஐயரையும் ஜி.என். பாலசுப்பிரமணியத்தையும் முழுக் கச்சேரியாக இன்று நாம் கேட்கிறோம் என்றால், வானொலிப் பதிவுகளோடு, கனமான ஸ்பூல் ரெக்கார்டரை அரங்குக்குச் சுமந்துபோன ரசிகர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். இசையைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலர்களின் பங்கை ஜி.என்.பி.யின் இளமையும் காட்டுகிறது. அவர் தந்தை திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியர். பார்த்தசாரதி சுவாமி சபாவின் செயலாளர். இசை அவருக்குத் தொழில் அல்ல. வித்வான்கள் வந்துபோகும் அந்த வீட்டில், கேள்வி ஞானத்தால் மகனுக்குச் சங்கீதம் பெரிதும் வசப்பட்டது.

கேசட் வந்த பிறகு ரசிகர்களின் இந்த ஆர்வம் தெருவுக்கு வந்தது. பிடித்த பாட்டுகளைத் தாளில் வரிசையாக எழுதி, 60 நிமிடக் கேசட்டோடு ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்த தலைமுறை நம்மிடையே இருக்கிறது. அதே கேசட்டை நிறுத்தி நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, இடையிசையின் ஒவ்வொரு சுரத்தையும் காதால் பிடித்தவர்கள்தான் ஊர்த் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுக்களாக நின்றார்கள். எந்த கீபோர்டில் அந்தச் சத்தம் வரும், தபேலாவுக்கு மைக்கை எங்கே வைப்பது என்று ஒத்திகை முடிந்தபின் டீக்கடையில் நடந்த பேச்சு ஓர் இசைக்கல்லூரிக்குக் குறைந்ததில்லை. அந்தக் கல்லூரிக்குப் பதிவேடு இல்லாததால் வரலாறு அதை எழுதாமல் விட்டுவிட்டது. இது பெரிய குறை.

இன்று பதிவுக்கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. லிவர்பூல் பையன்கள் காசு சேர்த்து வாங்கிய தட்டைவிடத் தெளிவாகக் கைபேசி பதியும். பி-7 எப்படிப் பிடிப்பது என்பதை அரை நிமிடத்தில் காணொளி காட்டிவிடும். இதில் வருந்த எதுவும் இல்லை. ஆனால் பஸ் ஏறிப் போனவர்களுக்குக் கிடைத்தது ஒரு கார்ட் மட்டும் அல்ல. கற்றுக்கொடுத்த மனிதர், அவர் கிட்டாரைப் பிடித்த விதம், திரும்பும் வழியில் நண்பர்கள் பேசிய பேச்சு எல்லாம் சேர்ந்து கிடைத்தன. தனி அறையில் ஹெட்போனோடு வாசிப்பவருக்குத் தவறைச் சுட்டவும், தாளம் தவறினால் சிரிக்கவும், ‘இன்னொரு தடவை’ என்று கேட்கவும் ஆள் இல்லை. இன்று நமக்கு அரிதாகியிருப்பது அந்தத் துணைதான்.

அந்தத் துணையை உண்டாக்குவது பெரிய செலவில்லாத பொதுக்காரியம். பள்ளியில் இசை வகுப்பைத் தேர்வுப் பாடங்கள் விழுங்காமல் காக்க வேண்டும். டிசம்பர் இசைவிழாவுக்குப் பிறகு பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் சபா அரங்கை வாரம் ஒரு மாலை ஆசைக்கு வாசிப்பவர்களுக்குத் திறந்துவிடலாம். நூலகத்தில் புத்தகம் இரவல் தருவதுபோல் வாத்தியமும் தரலாம். பழைய ஸ்பூல் வீட்டில் இருந்தால் அதன் காந்தப் பூச்சு உதிர்வதற்குள் டிஜிட்டலாக மாற்றி, யார் பாடியது, எந்த ஆண்டு, எந்த இடம் என்று எழுதி வைக்க வேண்டும். அதை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும். கற்றுக்கொள்பவர்கள் தங்கள் பதிவை ஊருக்கு அனுப்பும் முன் ஒரு நண்பரை எதிரே உட்கார வைத்துப் போட்டுக் காட்டட்டும். அவர் சொல்லும் குறையையும் நிறையையும் கேட்டுவிட்டு மறுபடி வாசிக்கட்டும். பெருங்கலைஞர்கள் பலரும் தொடங்கிய இடம் அதுதான். அவர்களைப் போல் ஆகாமல் ஆயுள் முழுதும் ஆசைக்கே வாசித்தவர்கள் நிறைவு கண்ட இடமும் அதுதான்.